ஏர்மங்கலத்தன்று நட்ட கத்தரிக்கன்றுகள்

பாரிசில் எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ரெயில் பாதையை ஒட்டிக் கிடந்த வெறும் நிலத்தில் நகரசபை மரப்பெட்டிகளை வைத்து மண் நிரப்பிக் கொடுத்திருக்கிறது. குடும்பத்துக்கு ஒரு பெட்டி. மார்ச் மாதத்தில் இரண்டு நாள் வெயில் எறித்தால் போதும், எங்கள் சனம் மிளகாய்க் கன்றும் கையுமாக அங்கே வந்து நின்றுவிடும். நான் கோப்பி குடிக்கிற கடை அந்த வழியில்தான் இருக்கிறது. என்னைக் கண்டால் கட்டாயம் ஒரு கேள்வி விழும்.

“அண்ணை, இப்ப வைக்கலாமோ?”

“வைக்கலாம். செத்துப்போகும்.”

பகிடி என்று நினைத்துச் சிரிப்பார்கள். போய் நட்டுவிடுவார்கள். பத்து நாள் கழித்து, “நீங்கள் சொன்ன மாதிரியே போச்சுது” என்று வந்து, நான்தான் நாவூறு போட்டுக் கொன்றதுபோல என்னைப் பார்ப்பார்கள்.

இந்த வருடம் பெட்டித் தோட்டக்காரர்கள் ஒரு சிறு புத்தகம் போடப் போகிறார்களாம். முப்பது வருடத்துக்குக் கிட்ட மரக்கறித் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்றபடியால், பாரிசில் எப்போது நடலாம் என்று நானும் எழுத வேண்டும் என்று கேட்டார்கள். “நல்லதா நாலு விசயம் எழுதித் தாங்கோ” என்றார் செயலாளர். எப்போது நடலாம் என்பதற்கு ஒரு வரி காணும். மே மாதம் பாதி போகட்டும், பிறகு நடுங்கள். மிச்சப் பக்கத்தை நிரப்ப என்னிடம் நல்ல விசயம் இல்லை. உள்ளதை எழுதுகிறேன். போடுவதும் விடுவதும் அவர்கள் பாடு.

முதலில் ஒரு பொய்யை உடைத்துவிடுகிறேன். நான் தோட்டக்காரப் பரம்பரை இல்லை. யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கக் கடையில் கணக்கெழுதியவன். மண்வெட்டியை விற்றிருக்கிறேன், பிடித்ததில்லை. பாரிசுக்கு வந்து ஆறு வருடம் உணவகங்களில் கோப்பை கழுவினேன். முதுகு போய்விட்டது. அப்போது பாரிசுக்கு வடக்கே கார்ஜ் என்ற புறநகரில் இருந்த தெரிந்தவர் ஒருவர், அந்தப் பக்கத்துச் சமவெளியில் ஒரு மரக்கறித் தோட்டத்தில் ஆள் தேடுகிறார்கள் என்றார். போய் நின்றேன். யாழ்ப்பாணத்தான் என்றால் விவசாயி என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லாத குணம் அன்றே தொடங்கிவிட்டது. கழுவின கோப்பையை மறுபடி கழுவலாம். செத்த கன்றை என்ன செய்வது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

வேலையைச் சொல்லித் தந்தவர் மதாம் ஒதீல். தோட்டத்தில் எதை எப்போது விதைப்பது, எங்கே நடுவது என்றெல்லாம் தீர்மானிக்கிற பொறுப்பு அவருடையது. மெலிந்த மனுஷி. பெப்ரவரிக் குளிரிலும் கையுறை போடமாட்டார். கழுத்தில் ஒரு நாடா, அதன் நுனியில் மண் வெப்பமானி. எங்கள் பெண்கள் தாலிக்கொடி போடுவதுபோல அவர் அதைப் போட்டிருந்தார்.

காலை எட்டு மணிக்கு அதை மண்ணில் ஒரு விரல் ஆழத்துக்குக் குத்துவார். ஐந்து நிமிடம் அசையாமல் குந்தியிருப்பார். ஒவ்வொரு பிளாஸ்ரிக் கூடாரத்திலும் மூன்று இடம். கதவடியில் ஒன்று, நடுவில் ஒன்று, வடக்கு மூலையில் ஒன்று. மூன்றையும் பதிவேட்டில் எழுதினாலும் அவர் பார்ப்பது வடக்கு மூலை எண்ணை மட்டும்தான். “மிகக் குளிர்ந்த மூலை எவ்வளவோ அவ்வளவுதான் தோட்டம்” என்பார். கத்தரிக்கு அந்த மூலையில் தொடர்ந்து எட்டு நாள் பதினைந்து காட்ட வேண்டும். ஏழாம் நாள் பதினான்கு காட்டினால் திரும்பவும் ஒன்றிலிருந்து எண்ணுவார். ஒருமுறை நான் மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நல்ல சூடாக இருக்கிறதே என்றேன். “உன் கைக்கு வெயில் பிடிக்கும். கத்தரி வேருக்கு உன் கையைப் பற்றி அக்கறை இல்லை” என்றார்.

பிற்பகல் நாலு மணிக்குக் கூடாரக் கதவுகளை மூட வேண்டும். பகல் வெயிலை உள்ளே பிடித்துவைப்பதற்குத்தான். மூடுவதற்கு முன் வெளியில் நின்று வானத்தைப் பார்ப்பார். மேகம் இருந்தால் கவலை இல்லை. மேகமும் இல்லாமல் காற்றும் நின்றுபோனால் இரவில் உறைபனி விழும், அன்றைக்குத் தோட்டம் உடுப்பில்லாமல் படுக்கப் போகிறது என்பார். அப்படியான நாட்களில் கம்பி வளையங்களின் மேல் வெள்ளைப் போர்வைத் துணியை இழுத்து, ஓரங்களுக்கு மணல் பை வைக்க வேண்டும். துணி இலையில் முட்டக் கூடாது. இரண்டு பேருக்கு இரண்டு மணித்தியால வேலை. வானிலைச் செய்தியில் பாரிசுக்குச் சொல்லும் எண்ணிலிருந்து ஐந்தைக் கழிக்க வேண்டும் என்பது அவருடைய இன்னொரு சட்டம். “பாரிசில் இருபது லட்சம் பேர் மூச்சு விடுகிறார்கள். இங்கே முயல்கள்தான் இருக்கின்றன.”

மதாம் யாரையும் ஏசியதில்லை. ஏதாவது பிழைத்துப்போனால் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: “யார் முடிவெடுத்தது?” யார் செய்தது என்று கேட்கமாட்டார். நான்தான் என்று ஒருவர் சொல்லிவிட்டால் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். ஏச்சு வாங்கிப் பழகியவனுக்கு அந்தத் தலையாட்டல் பெரிய நிம்மதி. முதல் பத்து வருடத்தில் நானும் எத்தனையோ தரம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். அப்போது எனக்கு இழக்க ஒன்றும் இருக்கவில்லை.

மே மாத நடுவில் அடுத்தடுத்து மூன்று கிறிஸ்தவப் புனிதர்களின் நாட்கள் வரும், இந்த நாட்டு விவசாயிகள் அவர்களைப் பனிப் புனிதர்கள் என்பார்கள். அவர்களுடைய நாட்கள் கழியும்வரை கடைசிப் பனி இன்னும் வரவில்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும். தேவாலயப் பக்கம் தலைவைத்தும் படுக்காத மதாம் இந்த மூன்று பேரையும் மட்டும் நம்பினார். என்னிடம் பஞ்சாங்கம் இருந்தது. சித்திரை வருடப் பிறப்புக்குப் பிறகு ஏர்மங்கலம் என்று ஒரு நாளும் நேரமும் அதில் போட்டிருக்கும், அந்த நேரத்தில் அந்த வருடத்தின் முதல் தோட்ட வேலையைத் தொடங்க வேண்டும். சங்கக் கடையில் இருந்தபோது நான் அதைக் கவனித்ததே இல்லை. இங்கே வந்து விவசாயி என்று பெயரெடுத்த பிறகு பக்தி பிடித்தது. யாழ்ப்பாணத்து நேரத்திலிருந்து மூன்றரை மணித்தியாலத்தைக் கழித்துப் பாரிசு நேரமாக்கி, அந்த நேரத்துக்குச் சரியாக மூன்று கத்தரிக்கன்றை ஒரு மூலையில் நடுவேன். முதல் வருடம் மதாம் அதைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். விளக்கினேன். “உன் சாத்திரத்துக்கு மூன்று, என் புனிதர்களுக்கு மிச்சம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மூன்றும் சில வருடம் செத்தன. சில வருடம் பிழைத்து, குன்றிப்போய் நின்றன. மே கடைசியில் நட்ட கன்றுகள் மூன்று கிழமையில் அவற்றைத் தாண்டி வளர்ந்துவிடும். கண்ணால் பார்த்தும் நான் படிக்கவில்லை.

இனி றஞ்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாவகச்சேரிப் பக்கம். புருஷன் நோயில் இறந்த பிறகு ஒரே மகளைத் தமக்கையிடம் விட்டுவிட்டு வந்தவர். விசா கிடைக்கும்வரை பல வருடம் ஒளித்து ஒளித்து வேலை செய்து, கடைசியில் எங்கள் தோட்டத்துக்கு வந்தார். வெங்காயத் தாளைக் கட்டினால் கட்டு எல்லாம் ஒரே அளவாக இருக்கும். பிரெஞ்சு கொஞ்சம்தான் பேசுவார். ஆனால் மதாம் செய்வதைப் பார்த்தே வெப்பமானி, பதிவேடு எல்லாம் பழகிவிட்டார். பிந்திய காலத்தில் காலை எட்டு மணிக்கு மண்ணைக் குத்திப் பார்க்கிற வேலையை மதாம் அவரிடமே விட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன்.

றஞ்சிக்கு ஒரே ஒரு நினைப்பு, மகளைக் கூப்பிடுவது. அதற்குச் சட்டம் இருக்கிறது. தொடர்ந்து பன்னிரண்டு மாதச் சம்பளத் துண்டு காட்ட வேண்டும். மகளுக்குப் பதினெட்டு வயது ஆகும் முன் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் அவர் பருவகால வேலையாள், குளிர்காலத்தில் நின்றுவிடும். துண்டுகள் ஒருபோதும் பன்னிரண்டு சேர்ந்ததில்லை. அந்த வருடம் மே மாதத்திலிருந்து நிரந்தரமாக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார். மகளுக்கு அடுத்த வருடம் ஜூலையில் பதினெட்டு. மேயில் தொடங்கினால் அடுத்த மேயில் பன்னிரண்டு துண்டும் கையில் இருக்கும். ஜூலைக்குள் கொடுத்துவிடலாம். றஞ்சி இதை எனக்கு எத்தனை தரம் விரல் விட்டு எண்ணிக் காட்டியிருப்பார் என்று சொல்ல முடியாது. கார்ஜில் மகளுக்கும் சேர்த்து இரண்டறை வீடும் எடுத்துவிட்டார்.

அந்த வருடம் மார்ச் கடைசியிலிருந்து வெயிலுக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. பாரிசில் சனம் அரைக்கைச் சட்டையோடு திரிந்தது. மதாம் இடுப்பு எலும்பில் அறுவைச் சிகிச்சைக்குப் போனார், ஜூன் வரை வரமாட்டார். பொறுப்பு எனக்கு. போகும்போது ஒரு தாளில் ஐந்து வரி எழுதித் தந்தார். மூன்றாவது வரி: “கத்தரி, மிளகாய், மே நடுவுக்கு முன் இல்லை. வெயில் எறித்தாலும் இல்லை.” கீழே ஒரு கோடு.

முதலாளி முப்பத்தைந்து வயதுக்காரர், தகப்பனுக்குப் பிறகு தோட்டத்தை எடுத்தவர். மதாம் போன இரண்டாம் நாள் வந்து, “அவர் ஓய்வு பெற்றால் உங்களைத்தான் அந்த இடத்துக்கு நினைத்திருக்கிறேன். பார்ப்போம்” என்றார். அந்தப் ‘பார்ப்போம்’ என்னை நித்திரை கொள்ள விடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை லா சப்பலில் எங்கள் மரக்கறி வாங்குகிற கடைக்காரர் என்னைச் சீண்டினார்.

“என்ன சிவபாலண்ணை, வெளியிலை கோடை எறிக்குது. நீங்கள் இன்னும் அந்த வெள்ளைக்காரப் புனிதருக்குக் காவல் இருக்கிறியளோ? ஸ்பெயினிலையிருந்து கத்தரிக்காய் வந்து குவியுது.”

சீண்டலுக்கு எடுபடுகிறவன் நான். மூன்று கிழமை முந்திக் கத்தரிக்காயைச் சந்தைக்கு அனுப்பினால் முதலாளி என்னைப் பார்க்கிற பார்வை எப்படி மாறும் என்று எண்ணிப் பார்த்தேன். பஞ்சாங்கத்தை எடுத்தேன். ஏர்மங்கலம் அந்தக் கிழமையே வந்தது. இந்த முறை மூன்று கன்று இல்லை, கத்தரிக்கு ஒதுக்கிய இரண்டு கூடாரமும் முழுதாக, ஆயிரத்துக்கு மேற்பட்ட கன்றுகள்.

அன்று காலையில் றஞ்சி வெப்பமானியோடு வந்து நின்றார்.

“அண்ணை, மதாம் எழுதிவைச்சிட்டெல்லே போனவ, மே நடுவுக்கு முதல் வேண்டாமெண்டு?”

“மதாம் வேறை வருசங்களைப் பார்த்து எழுதினவ. இந்த வருசம் வேறை.”

“வடக்கு மூலையிலை பதினொண்டுதான் காட்டுது.”

“நடுவிலை எத்தினை?”

“பதினாறு.”

“பிறகென்ன. நடும்.”

நட்டார். அந்த மனுஷி ஒவ்வொரு குழியிலும் கன்றை வைத்து, இரண்டு கையாலும் மண்ணை அணைத்து, தண்ணீர் விட்டு, என்னைவிடத் திறமாக நட்டார். முதல் கன்றை மட்டும் நான் நேரம் பார்த்து, கிழக்கே திரும்பி நின்று நட்டேன். கற்பூரம் கொளுத்தத்தான் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு கிழமை எல்லாம் நன்றாகவே இருந்தது. முதலாளி வந்து பார்த்து என் தோளில் தட்டினார். அடுத்த சனிக்கிழமை லா சப்பல் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் சித்திரைப் புத்தாண்டு விழா. புலம்பெயர்ந்த மண்ணிலும் விவசாயத்தை விடாதவர் என்று எனக்குப் பொன்னாடை போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். சங்கக் கடைக் கணக்கனுக்குப் பொன்னாடை. நான் பகல் சாப்பாட்டோடு தோட்டத்தை விட்டுவிட்டு, கூடாரங்களை மூடுகிற பொறுப்பைத் தனியாக றஞ்சியிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

பின்னேரம் நாலரை மணி இருக்கும், மண்டபத்தில் முன்வரிசையில் இருக்கிறேன். கைப்பேசி அடித்தது.

“அண்ணை, காத்து நிண்டிட்டுது. மேகம் ஒரு துண்டும் இல்லை. துணி போடட்டோ?”

கைப்பேசியில் வானிலையைப் பார்த்தேன். “பாரிசுக்கு நாலு காட்டுது. ஒண்டும் செய்யாது.”

“அஞ்சைக் கழிக்க வேணுமெண்டு மதாம் சொல்லுறவ.”

“றஞ்சி, நீர் தனிய நிண்டு துணியை இழுத்தீரெண்டால் குருத்தெல்லாம் முறிஞ்சுபோம். கதவை மூடிப்போட்டு வீட்டை போம்.”

“ஓம் அண்ணை” என்றார்.

ஏன் வேண்டாம் என்றேன் என்று பல வருடம் என்னையே கேட்டிருக்கிறேன். குருத்து முறியும் என்பது வெறும் சாட்டு. துணி போட வேண்டும் என்று சொன்னால் நானும் எழும்பிப் போக வேண்டும். அதைவிட, துணி தேவை என்று ஒத்துக்கொண்டால் நட்டது பிழை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். பொன்னாடை போடப் போகிற அன்றைக்கு அதை ஒத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

ஞாயிறு காலை மனம் கேளாமல் முதல் ரெயில் எடுத்துப் போனேன். புல்லெல்லாம் வெள்ளை. கூடாரக் கதவைத் திறந்தேன். கன்றுகள் நிமிர்ந்துதான் நின்றன, ஆனால் இலைகளின் நிறம் கறுத்து, கண்ணாடி போல ஊடு தெரிந்தது. ஏழரைக்கு வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாகச் சரியத் தொடங்கின. வெந்நீரில் போட்டெடுத்த கீரை போல அப்படியே தண்டோடு படுத்துவிட்டன. வடக்கு மூலையிலிருந்து தொடங்கிக் கதவடிவரை நான் நடந்து பார்த்தேன். கதவடியில் ஒரு நாற்பது கன்று பிழைத்திருந்தது.

மேசையில் பதிவேடு கிடந்தது. சனிக்கிழமைக்கு நேரே றஞ்சியின் குழந்தைப் பிரெஞ்சு எழுத்து: “கதவு மூடியது. துணி போடவில்லை.” கீழே கையெழுத்து. ஏன் போடவில்லை என்றோ யார் சொல்லிப் போடவில்லை என்றோ எழுதவில்லை. எழுதுகிற அளவுக்கு அவருக்குப் பிரெஞ்சு வராது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை முதலாளி வந்தார். இரண்டு கூடாரத்தையும் பார்த்துவிட்டு நேரே பதிவேட்டுக்குப் போனார். நாங்கள் இருவரும் மேசையின் இந்தப் பக்கம் நிற்கிறோம்.

“இது யாருடைய கையெழுத்து?”

“றஞ்சியினது” என்றேன். நான் பொய் சொல்லவில்லை. அன்று முழுதும் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, நீங்கள் எண்ணிப் பார்க்கலாம்.

“துணி போடவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார்” என்றார் முதலாளி. கோபத்தில் பிரெஞ்சு வேகமாக வந்தது. றஞ்சிக்கு விளங்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். முதலாளியும் என்னைப் பார்த்து, “சொல்லுங்கள் அவருக்கு” என்றார். எங்கள் தோட்டத்தில் மொழிபெயர்ப்பாளன் நான்தானே.

“துணி ஏன் போடேல்லை எண்டு கேக்கிறார்” என்றேன் தமிழில்.

றஞ்சி பேசாமல் நின்றார். நான் சொல்வதற்காகத்தான் நின்றார் என்பது எனக்கு அப்போதே தெரியும். சொல்வதற்குப் பிரெஞ்சில் மூன்று சொல் காணும்: ‘நான் வேண்டாம் என்றேன்.’ நான் வெளியில் சரிந்து கிடந்த கன்றுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலாளி இரண்டாம் தரமும் கேட்டார். அப்போது றஞ்சி அவருடைய சின்னப் பிரெஞ்சில் தானே மறுமொழி சொன்னார்:

“ஓம் முசியே. நான் போடவில்லை.”

அதற்குப் பிறகு முதலாளி சொன்னதை எல்லாம் நான் ஒரு சொல் தவறாமல் மொழிபெயர்த்தேன். ஏப்ரலோடு வேலை முடிகிறது என்பதை, நிரந்தரம் என்று சொன்னதை மறந்துவிடும்படி சொன்னதை, இன்னொரு ஆளைப் பார்ப்பேன் என்றதை. “இந்த மாசத்தோடை காணுமாம், றஞ்சி” என்று என் வாயாலேயே சொன்னேன். மனுஷன் ஒருவனுக்கு வேலை போவதைப் பார்ப்பது ஒன்று. அதைத் தாய்மொழியில் அவனுக்கு எடுத்துச் சொல்வது வேறு. அன்றைக்கு நான் செய்த ஈனத்தில் பெரியது அதுதான்.

கடைசி நாள் பஸ் தரிப்பு வரை அவரோடு போனேன். ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. “கவலைப்படாதேயும். மதாம் வரட்டும், நான் கதைக்கிறன்” என்றேன். எங்கள் சனம் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொல்கிற சொல். கலியாண வீட்டில், செத்த வீட்டில், விசாவுக்குக் காத்து நிற்கிற பிரெபெக்தூர் வாசலில், யாராவது அழுதால் நாங்கள் ‘நான் கதைக்கிறன்’ என்போம். யாரும் கதைப்பதில்லை. றஞ்சி தலையை ஆட்டிவிட்டு பஸ்ஸில் ஏறினார்.

மதாம் ஜூனில் ஊன்றுகோலோடு வந்தார். ஒரு கதிரையில் இருந்து பதிவேட்டை முதலிலிருந்து வாசித்தார். “நடுவதற்கு யார் முடிவெடுத்தது?” என்றார். நான் என்றேன். அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. “துணி?” என்றார். றஞ்சி மறந்துவிட்டார் என்றேன். திங்கட்கிழமை சொல்லாத பொய்யை ஜூனில் சொன்னேன். மதாம் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

“மறந்துபோன ஒருத்தி, போடவில்லை என்று எழுதிக் கையெழுத்தும் வைப்பாளா?” என்றார்.

அதற்கு மேலே அவர் கேட்கவில்லை. நான் வாயைத் திறக்கும்வரை அவர் காத்திருந்தார் என்று இப்போது நினைக்கிறேன். அந்த இலையுதிர்காலத்தில் அவர் ஓய்வு பெற்றார். முதலாளி சொன்னபடி அவருடைய இடத்தை எனக்குத் தந்தார். மதாம் எல்லோருக்கும் கைகொடுத்தார், எனக்கும் கொடுத்தார். வெப்பமானியைத் தருவாரோ என்று எதிர்பார்த்து நின்றேன். “நல்லதாக ஒன்றை வாங்கிக்கொள்” என்று சொல்லிவிட்டு, அதைக் கழுத்தோடு கொண்டுபோய்விட்டார்.

பிறகு நான் அங்கே பல வருடம் அந்தப் பொறுப்பில் இருந்தேன். மே நடுவுக்கு முன் ஒரு கன்றுகூட நடவிடவில்லை. ஏர்மங்கலத்துக்கு மூன்று கன்று நடுவதையும் விட்டுவிட்டேன். திறமான தோட்டக்காரன் என்று பெயர் எடுத்தேன். இன்னும் இரண்டு பொன்னாடை கிடைத்தது. அலுமாரியில் மடித்து வைத்திருக்கிறேன்.

றஞ்சியின் மகள் வரவில்லை. அதை மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். விண்ணப்பம் திரும்பி வந்ததாம், பிறகு வயது தாண்டிவிட்டதாம். என்னால்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் இத்தனை வருடமும் எனக்குள் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். வேலை போனால் போனதுதான், மேயில் இன்னொரு வேலை எடுத்திருந்தால் கணக்குச் சரியாக வந்திருக்குமே, றஞ்சி ஏதோ அசண்டையாக இருந்துவிட்டார் என்று. தன் பிழைக்கு மற்றவனிடம் பாதி விலை கேட்கிற குணம்.

போன வருடம் லா சப்பலில் ஒரு மரக்கறிக் கடையில் நேருக்கு நேர் கண்டேன். தலை நரைத்திருந்தது. ஒளிக்க இடம் இல்லை. அவராகவே கதைத்தார்.

“சுகமா இருக்கிறியளோ அண்ணை? பென்சன் எடுத்திட்டியளாம்.”

“ஓம். நீர் எங்கை வேலை?”

“திரான்சியிலை. பள்ளிக்கூடக் குசினி ஒண்டிலை சமையல். ஒன்பது வருசமாச்சு.”

ஒன்பது வருடம் என்றதும் மனம் தானாகக் கணக்குப் போட்டது, அவர் தோட்டத்தை விட்டதும் அதே வருடம்தான். “தோட்டத்தை விட்ட உடனையே அங்கை போனனீரோ?” என்று கேட்டேன். கேட்காமல் விட்டிருக்கலாம்.

“இல்லை. மேயிலேயே வரச் சொல்லிக் கேட்டவை. நான்தான் போகேல்லை. மதாம் ஜூனிலை வருவா, அண்ணை கதைப்பார், அவ கூப்பிடுவா எண்டு இருந்திட்டன். புது இடத்திலை சேர்ந்தாப் பிறகு கூப்பிட்டால் விட்டிட்டு வரேலாதெல்லே. ஓகஸ்ட் முடியத்தான் போனனான். நல்ல காலம், அப்பவும் இடம் இருந்தது.” கத்தரிக்காயை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துப் பையில் போட்டார். “பிள்ளைக்குப் பதினெட்டு ஆகேக்கை பத்துத் துண்டுதான் கையிலை இருந்தது. ரெண்டு குறைஞ்சு போச்சு.”

ஏதாவது சொல்லித் தப்ப வேண்டும் என்ற பழைய புத்தி அப்போதும் முந்திக்கொண்டது.

“ஒருக்கா எனக்கு ஃபோன் எடுத்துக் கேட்டிருக்கலாமே, றஞ்சி.”

“எப்பிடி அண்ணை கேக்கிறது? நீங்கள் கதைக்கிறன் எண்டு சொன்னனீங்கள். பிறகும் கேட்டால் உங்களை நம்பேல்லை எண்ட மாதிரியெல்லோ போயிடும்.”

குறையாகச் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார். காசைக் கொடுத்துவிட்டு, “வாறன் அண்ணை” என்று பையைத் தூக்கிக்கொண்டு மெற்றோப் பக்கம் நடந்தார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றுவரைக்கும் கேட்கவில்லை.